எர்னஸ்ட் தெசிஜர்: ஓவியர், குணச்சித்திர நடிகர், பூத்தையல் கலைஞர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1935-இல் வெளிவந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்த்தவர்கள் அதில் வரும் ஒல்லியான, கூர்மூக்கு விஞ்ஞானி டாக்டர் பிரிட்டோரியஸை மறப்பதில்லை. ஆனால் அந்த நடிகரின் பெயரைக் கேட்டால் பலர் தயங்குவார்கள். எர்னஸ்ட் தெசிஜர் என்ற அந்த மனிதரைப் பற்றிப் பழைய படங்களின் ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். திகில் பட நடிகர் என்ற ஒரே அடையாளத்துக்குள் அவரை அடைத்துவிடுவது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். விடைகளிலும் அந்த எண்ணம் தெரியும்.

எர்னஸ்ட் தெசிஜர் யார்?

1879 ஜனவரி 15 அன்று லண்டனில் பிறந்த ஆங்கிலேயர். ஓவியம் படித்துவிட்டு முப்பது வயதில், 1909-இல், தொழில்முறை நடிகராக மேடையேறினார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் நடித்துக்கொண்டே இருந்தார். ஷேக்ஸ்பியர், பெர்னார்ட் ஷா, கேலி நாடகம், இசை நிகழ்ச்சி, மௌனப் படம், பேசும் படம், சினிமாஸ்கோப் என்று அவர் கால்வைக்காத களம் குறைவு. நடிப்புக்கு நடுவே நீர்வண்ண ஓவியம் தீட்டினார், பூத்தையல் செய்தார். 1960-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சி.பி.இ.' என்ற அரசுக் கௌரவ விருது அளித்தது. 1961 ஜனவரி 14 அன்று, எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், லண்டனில் காலமானார். பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியாவின் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு அவர் உறவினர் என்பது உண்மையா?

உண்மைதான். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று படித்திருப்போம். அந்தச் செம்ஸ்ஃபோர்டின் குடும்பப் பெயரும் தெசிஜர்தான். 1916 முதல் 1921 வரை வைஸ்ராயாக இருந்த ஃபிரடெரிக் தெசிஜரும் நடிகர் எர்னஸ்ட் தெசிஜரும் ஒரே தாத்தாவின் பேரர்கள். அந்தத் தாத்தா, முதலாம் செம்ஸ்ஃபோர்டு பிரபு, இங்கிலாந்தின் லார்டு சான்சலராக, அதாவது நீதித்துறையின் உயர் பதவியில், இருந்தவர். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்ததும், சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சியை ஆட்சியில் அமர்த்திய இரட்டையாட்சி முறை வந்ததும் அந்த வைஸ்ராயின் காலத்தில்தான்.

குடும்பத்தின் மற்றவர்களும் இப்படிப் பெரிய இடங்களில் இருந்தவர்களே. எர்னஸ்டின் பெரியப்பா, இரண்டாம் செம்ஸ்ஃபோர்டு பிரபு, தென்னாப்பிரிக்காவில் ஜூலூக்களுக்கு எதிரான பிரிட்டிஷ் படைக்குத் தலைமை வகித்தார். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் அந்தப் படை படுதோல்வி கண்டபோது எர்னஸ்ட் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தந்தை சர் எட்வர்ட் தெசிஜர் பிரபுக்கள் அவையின் உயர் அலுவலர். அரேபியப் பாலைவனத்தைக் கடந்த பயணி வில்ஃபிரட் தெசிஜரும் இதே குடும்பத்தவர். படைத்தலைவர்களும் நீதிபதிகளும் நிறைந்த இந்த வீட்டுப் பிள்ளை தூரிகை பிடித்தார், அரிதாரம் பூசினார், ஊசியில் நூல் கோத்தார். அந்தக் காலத்து மேட்டுக்குடியில் ஓர் ஆணுக்கு இது எளிதான முடிவாக இருந்திருக்காது.

ஓவியம் எங்கே படித்தார்?

மார்ல்பரோ கல்லூரி என்ற உறைவிடப் பள்ளியில் படித்த பிறகு லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஓவியம் கற்க விரும்பியவர்களுக்கு ஸ்லேட்டைவிடக் கூர்மையான பயிற்சிக்கூடம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அறுவை மருத்துவராக இருந்து ஓவிய ஆசிரியரான ஹென்றி டாங்ஸ் அங்கே கோட்டோவியத்தைக் கற்பித்தார். உடம்பின் எலும்பும் தசையும் எங்கே திரும்புகின்றன என்று புரியாமல் ஒரு கோடுகூடப் போடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். மாணவர்கள் அவரிடம் நடுங்கினார்கள், ஆனால் வரையக் கற்றார்கள். அகஸ்டஸ் ஜான் போன்றவர்கள் அந்தத் தலைமுறையில் உருவானவர்கள்.

அங்கே படித்த வில்லியம் ரேங்கன் தெசிஜரின் நெருங்கிய நண்பரானார். பின்னாளில் செல்வந்தர்களின் உருவப்படங்களும் மாளிகை உள்ளறைகளும் தீட்டிப் புகழ்பெற்றவர் அவர். 1917-இல் ரேங்கனின் சகோதரி ஜேனட்டைத் தெசிஜர் மணந்தார்.

அப்படியானால் ஓவியத்தில் தோற்றுத்தான் நடிப்புக்கு வந்தாரா?

இந்தக் கேள்வியே எனக்கு உவப்பாக இல்லை. ஓவியத்தை அவர் ஒருபோதும் விட்டுவிடவில்லை. பிழைப்புக்கான தொழிலாக மேடை அமைந்தது, அவ்வளவுதான். ஸ்லேட்டில் பழகிய கண் நடிப்புக்குள் எப்படி நுழைந்தது என்று கவனிப்பதுதான் சுவையானது.

'தி ஓல்டு டார்க் ஹவுஸ்' படத்தில் ஒரு காட்சி. மழையில் ஒதுங்க வந்த அந்நியர்கள் அந்த இருண்ட வீட்டுக்குள் நிற்கிறார்கள். வீட்டுக்காரர் ஹோரஸ் ஃபெம்மாகத் தெசிஜர் வருகிறார். மேசையில் கிடக்கும் மலர்க்கொத்தை எடுத்து, தன் சகோதரி இவற்றை அடுக்கப்போகும் நேரம் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு, அப்படியே கணப்பு நெருப்பில் எறிகிறார். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. நீண்ட விரல்கள் மலர்த்தண்டைப் பிடித்திருக்கும் விதமும், தலை சாய்ந்திருக்கும் கோணமும், நெருப்பின் வெளிச்சம் மூக்கின் ஓரத்தில் விழுவதும் சேர்ந்து அந்த மனிதனின் முழு வாழ்க்கையையும் காட்டிவிடுகின்றன. தன் உடம்பு படச்சட்டத்துக்குள் எப்படித் தெரிகிறது என்று அறிந்த ஒருவரால்தான் இப்படி நிற்க முடியும். பிறகு உணவு மேசையில் விருந்தாளிக்கு அவர் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளச் சொல்லும் தொனியை ரசிகர்கள் இன்றும் பேசிக்காட்டுகிறார்கள்.

முதல் உலகப் போரில் அவருக்கு என்ன நேர்ந்தது?

1914-இல் போர் மூண்டதும் முப்பத்தைந்து வயதில், மேட்டுக்குடிப் பிறப்பைப் பொருட்படுத்தாமல், சாதாரணச் சிப்பாயாகத் தாமே முன்வந்து சேர்ந்தார். லண்டனின் குயின் விக்டோரியாஸ் ரைஃபிள்ஸ் படைப்பிரிவு அது. சில மாதப் பயிற்சிக்குப் பின் பிரான்சின் பதுங்குகுழிகளுக்கு அனுப்பப்பட்டு, கைகளில் காயம்பட்டுத் திரும்பினார்.

போர்முனை எப்படி இருந்தது என்று ஒரு விருந்தில் கேட்டதற்கு, "அப்பப்பா, என்ன இரைச்சல்! அந்த மனிதர்கள் வேறு!" என்று அவர் விடையளித்ததாக ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. இதே வாசகத்தை வேறு சிலர் வாயிலும் ஏற்றிச் சொல்கிறார்கள் என்பதால் நான் இதை அவருடைய கூற்றாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஒற்றை வரியைச் சொல்லிச் சிரித்துவிட்டு அவருடைய போர்க்கால வாழ்க்கையை முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். திரும்பி வந்தபின் அவர் செய்தது அதைவிடப் பல மடங்கு முக்கியமானது.

அப்படி என்ன செய்தார்? எம்பிராய்டரிக்கும் சிப்பாய்களுக்கும் என்ன தொடர்பு?

அவர் வாழ்க்கையில் நான் மிக உயர்வாக மதிக்கும் பகுதி இதுதான். போர் முடிந்தபோது பிரிட்டனில் கை, கால் இழந்தவர்களும் முதுகுத்தண்டு அடிபட்டவர்களும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். ஓய்வூதியம் போதவில்லை. தொழிற்சாலைக்கோ வயலுக்கோ திரும்ப முடியவில்லை. நாள் முழுவதும் படுக்கையிலோ நாற்காலியிலோ இருந்து, ஒன்றும் செய்ய இயலாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது காயத்தைவிடக் கொடுமை.

தெசிஜர் ஒரு யோசனை சொன்னார்: இவர்களுக்குப் பூத்தையல் கற்றுக்கொடுக்கலாம், செய்ததை விற்று அவர்களுக்கே ஊதியம் தரலாம். நின்று செய்ய வேண்டிய வேலை இல்லை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு கையை வைத்துக்கொண்டும் ஓரளவு செய்யலாம். படுத்தபடியும் செய்யலாம். இரைச்சல் கேட்டாலே நடுங்கும் அளவுக்கு மனம் கலங்கியவர்களுக்கு, எண்ணி எண்ணி இழை போடும் இந்த வேலை அமைதி தரும்.

அரசுத் தரப்பில் இந்த யோசனைக்கு வரவேற்பு இல்லை. போர்வீரர்கள் பெண்களைப் போல் ஊசி பிடிப்பதா என்ற எண்ணம் குறுக்கே நின்றது. தெசிஜர் விடவில்லை. ஏழைகளின் நண்பர்கள் என்ற பொருள்படும் பெயர்கொண்ட ஒரு தொண்டு அமைப்பின் துணையோடு, 1918-இல், ஊனமுற்ற வீரர்களின் பூத்தையல் தொழிலமைப்பு தொடங்கியது. தெசிஜர் அதற்கு வடிவங்கள் வரைந்து தந்தார். ஸ்லேட்டில் கற்ற கோட்டு வேலை இங்கே நேரடியாகப் பயன்பட்டது: பழகாத கைகள் போடக்கூடியதாகவும் இருக்க வேண்டும், கடையில் வாங்குபவர் இரக்கத்துக்காக இல்லாமல் அழகுக்காக விலைகொடுப்பதாகவும் இருக்க வேண்டும். வரைந்தவருக்கும் தைத்தவருக்கும் அது சாதாரணச் சவால் இல்லை. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அமைப்பு வீரர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது.

பிரிட்டோரியஸ் பாத்திரத்துக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் உலகம் இந்த வேலைக்காக அவரை நினைவுகூர்வது மிகக் குறைவு. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பூத்தையலைப் பற்றி அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார். 1941-இல், லண்டன் மீது குண்டுமழை பொழிந்துகொண்டிருந்த காலத்தையொட்டி, 'அட்வெஞ்சர்ஸ் இன் எம்பிராய்டரி' என்ற நூல் வெளிவந்தது. அதற்கு முன்பு, 1927-இல், 'ப்ராக்டிகலி ட்ரூ' என்ற தன்வரலாற்றையும் எழுதியிருந்தார்.

ராணி மேரியோடு சேர்ந்து பூத்தையல் செய்தவர் என்கிறார்களே?

ஆம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் மனைவி ராணி மேரி கைதேர்ந்த பூத்தையல்காரர். அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தைத்த பெரிய தரைவிரிப்பு ஒன்று இப்போது கனடாவின் தேசியக் கலைக்கூடத்துக்குச் சொந்தம். இந்த ஆர்வமே அவரையும் தெசிஜரையும் நண்பர்களாக்கியது. படப்பிடிப்பின் இடைவேளைகளிலும் தெசிஜர் ஊசியும் நூலுமாகத்தான் உட்கார்ந்திருப்பாராம். ஹாலிவுட்டுக்குப் போய் இறங்கியதும் ஓட்டல் அறையில் தன் பூத்தையல்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு வைத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

மேடையில் அவர் பெயர்பெற்றது எதனால்?

காயத்தோடு திரும்பிய 1915-ஆம் ஆண்டிலேயே லண்டன் கிரைடீரியன் அரங்கில் 'எ லிட்டில் பிட் ஆஃப் ஃப்ளஃப்' என்ற கேலி நாடகம் தொடங்கியது. அது ஆயிரத்து இருநூறு காட்சிகளுக்கு மேல் ஓடியது. விடுப்பில் வந்த சிப்பாய்கள் வயிறு குலுங்கச் சிரித்த நாடகம். தெசிஜரைப் பொதுமக்கள் அறியவைத்தது அதுதான்.

ஆனால் அவருடைய மேடைத் திறமைக்குச் சான்று என்றால் 1924-இல் லண்டன் நியூ தியேட்டரில் அரங்கேறிய பெர்னார்ட் ஷாவின் 'செயிண்ட் ஜோன்'. பிரெஞ்சு வீராங்கனை ஜோனாக நடிகை சிபில் தார்ண்டைக். பலவீனமான, பயந்தாங்கொள்ளியான, ஆனாலும் தன்மானம் விட்டுப்போகாத பிரெஞ்சுப் பட்டத்து இளவரசர் 'டோஃபினாக'த் தெசிஜர். அவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து, பாத்திரமோ இருபதுகளில் இருப்பவர். அந்த நாடகத்தின் அரங்கமைப்பையும் உடைகளையும் வடிவமைத்தவர் சார்லஸ் ரிக்கட்ஸ் என்ற ஓவியர்.

1921-இல் 'பீட்டர் பேன்' நாடகத்தின் கேப்டன் ஹூக்காகவும், 1925-இல் நாடகாசிரியர் நோயல் கவர்டின் நிகழ்ச்சியொன்றில் பெண் வேடத்திலும் வந்தார். எழுபத்தொரு வயதில் நியூயார்க்கின் பிராட்வேயில் கேத்தரின் ஹெப்பர்னோடு ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஜேக்விஸாக நடித்தார்.

ஜேம்ஸ் வேல் அவரை ஏன் தேடித்தேடி அழைத்தார்?

'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை இயக்கிய வேல் ஆங்கில நாடக மேடையிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போனவர். இருவரும் அந்த நாள்களிலேயே அறிமுகமானவர்கள். ஒருவர் பிரபு குடும்பம், மற்றவர் டட்லி என்ற சுரங்க நகரின் ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஆனால் பொதுவான தளம் நிறைய இருந்தது. வேலும் கலைப்பள்ளியில் படித்தவர், அரங்கக் காட்சிகளை வடிவமைத்தவர், போருக்குப் போனவர், ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். பயங்கரத்தை நேரில் பார்த்துவிட்டு வந்த இருவரும் திரையில் பயத்துக்குள் நகைச்சுவையைக் கலந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1932-இல் 'தி ஓல்டு டார்க் ஹவுஸ்', 1935-இல் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்று வேலின் இரண்டு படங்களில் தெசிஜர் நடித்தார். முதல் படம் நெடுங்காலம் காணாமற்போயிருந்து, 1968-இல் இயக்குநர் கர்டிஸ் ஹாரிங்டனின் முயற்சியால் யுனிவர்சல் நிறுவனத்தின் கிடங்கில் மீட்கப்பட்டது. அதில் நடித்த குளோரியா ஸ்டூவர்ட்தான் 1997-இல் 'டைட்டானிக்' படத்தில் முதிய ரோஸாக வந்தவர்.

டாக்டர் பிரிட்டோரியஸ் பாத்திரத்தில் என்ன சிறப்பு?

மேரி ஷெல்லியின் நாவலில் இப்படியொரு ஆள் கிடையாது. படத்துக்காகவே உருவாக்கப்பட்ட பாத்திரம். பிரிட்டோரியஸ் இரவில் ஃபிராங்கன்ஸ்டைனின் வீட்டுக்கு வந்து, இருவரும் சேர்ந்து மனித உயிரைப் படைக்கலாம் என்று ஆசை காட்டுகிறார். தான் உருவாக்கிய சின்னஞ்சிறு மனிதர்களைக் கண்ணாடிக் குடுவைகளில் கொண்டுவந்து காட்டுகிறார்: ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு பேராயர், ஒரு நடனக்காரி, ஒரு கடற்கன்னி, கூடவே ஒரு சாத்தான். சாத்தானுக்கும் தனக்கும் சாயல் இருப்பதாக அவரே பெருமைப்பட்டுக்கொள்வார். ராஜா குடுவையிலிருந்து ஏறித் தப்பி ராணியின் குடுவையை நோக்கி ஓடும்போது, இடுக்கியால் அவரைத் தூக்கித் திரும்ப உள்ளே போடுவார். ஜான் ஃபுல்டனின் தந்திரக் காட்சிகள் இன்று பார்த்தாலும் வியப்பளிக்கின்றன.

நிலவறைக் கல்லறையில் வரும் காட்சி இன்னும் அருமை. பிணம் தோண்டும் கூலிகள் போனபின், பிரிட்டோரியஸ் ஒரு கல்லறைப் பெட்டியின் மேல் துணி விரித்து, மண்டையோட்டையும் எலும்புகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மதுவோடு உணவருந்துகிறார். அங்கே போரிஸ் கார்லாஃப் நடித்த அந்தப் பயங்கர உருவம் வந்து நிற்கிறது. உலகமே அலறி ஓடும் அந்த உருவத்தைப் பார்த்து அவர் துளியும் அதிரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டதைப் போல உட்காரவைத்து உபசரிக்கிறார். முன்பு ஜின் குடிக்கும்போது, அதுதான் தன் ஒரே பலவீனம் என்றவர், இங்கே சுருட்டைக் காட்டி அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்வார். இரண்டு முறையும் முழு நேர்மையோடு சொல்வதால்தான் சிரிப்பு வருகிறது.

படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 56. கண் இமைகளைப் பாதி இறக்கி, மூக்கை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லையும் சுவைத்து உச்சரிப்பார். படத்தின் பெயர் யாரைக் குறித்தாலும் கதையை நகர்த்துபவர் பிரிட்டோரியஸ்தான். 1998-இல் இந்தப் படம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் பெரிய நட்சத்திரமாகவில்லை?

அந்த முகத்துக்கும் உடலுக்கும் அந்தக் காலத்துக் கதாநாயக வேடங்கள் எழுதப்படவில்லை. அதற்காக அவர் ஏங்கியதாகவும் தெரியவில்லை. சில வேளை சிறு வேடம்கூடக் கைநழுவியது. எச்.ஜி. வெல்ஸ் கதையான 'திங்ஸ் டு கம்' படத்தில் அவர் நடித்து முடித்த காட்சிகளை வெல்ஸுக்குப் பிடிக்காததால், செட்ரிக் ஹார்ட்விக்கை வைத்து மறுபடி படமாக்கினார்கள். அதே வெல்ஸின் 'தி மேன் ஹூ குட் வொர்க் மிராக்கிள்ஸ்' படத்தில் அவர் மதபோதகராக வந்தது நிலைத்தது.

முதிய வயதில் நடித்த படங்களில் எவை முக்கியம்?

என் பட்டியலில் முதலில் வருவது 1951-இன் 'தி மேன் இன் தி ஒயிட் சூட்'. கிழியாத, அழுக்கே ஒட்டாத துணியை அலெக் கின்னஸ் கண்டுபிடித்துவிடுகிறார். ஆலை முதலாளிகள் நடுங்கிப்போய்த் தங்கள் பெரியவரை வரவழைக்கிறார்கள். சர் ஜான் கியர்லாவாக மூச்சிரைத்தபடி தெசிஜர் வந்து இறங்கும்போது, அந்த உலர்ந்த உடம்புக்குள் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று உடனே புரிகிறது. வாழ்நாளெல்லாம் ஊசியும் நூலுமாக இருந்தவர் நெசவுத் தொழிலின் சர்வாதிகாரியாக நடித்திருக்கிறார் என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே ஆண்டு 'ஸ்குரூஜ்' படத்தில், ஸ்குரூஜின் தொழில் கூட்டாளி மார்லியின் உயிர் பிரிவதற்கு முன்பே மாடிப்படியில் வந்து காத்திருக்கும் சவ அடக்கக்காரராக ஒரு சிறு வேடம். 1953-இல் முதல் சினிமாஸ்கோப் படமான 'தி ரோப்'-இல் ரோமப் பேரரசர் டைபீரியஸ். 1958-இல் 'தி ஹார்ஸஸ் மவுத்' படத்தில் ஓவியங்களைச் சேகரிக்கும் செல்வந்தர் ஹிக்ஸன். கடைசிப் படம் விவியன் லீ நடித்த 'தி ரோமன் ஸ்பிரிங் ஆஃப் மிஸஸ் ஸ்டோன்'. அது 1961-இன் இறுதியில், அவர் மறைந்தபின், வெளியானது.

அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் எங்கே பார்க்கலாம்?

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் நாடகத் தொகுப்பில் அவருடைய தனிப்பட்ட தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வு செய்ய விரும்புவோர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர் நடித்த எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்?

எல்லோரும் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்பார்கள். நான் 'தி ஓல்டு டார்க் ஹவுஸ்' படத்தைச் சொல்வேன். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒப்பனைப் பூச்சு அதிகமில்லாத முகத்தை அருகில் பார்க்கலாம். அடுத்து பிரிட்டோரியஸ். அதன்பின் 1938-இல் வந்த 'தே டிரைவ் பை நைட்' என்ற பிரிட்டிஷ் படத்தைத் தேடிப்பிடியுங்கள். அதே பெயரில் 1940-இல் ஓர் அமெரிக்கப் படமும் உண்டு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் படத்தில் அவர் மென்மையாகப் பேசும் முன்னாள் பள்ளி ஆசிரியர், கொலைகாரர். இவை மூன்றையும் பார்த்துவிட்டு 'தி மேன் இன் தி ஒயிட் சூட்' படத்துக்கு வந்தால், கடைசி அரைமணி நேரத்தில் அவர் வரும் ஒவ்வொரு படச்சட்டத்திலும் கண் அவரிடமே போகும்.